அப்பா வண்டி எடுக்கப் போன திங்கட்கிழமை

கிணத்துக்கடவு
28.7.1999

அன்புள்ள கிருபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். 'நலம்' என்ற சொல்லைக் கை எப்போதும் தானாகவே எழுதிவிடும். இந்த முறை மட்டும் அடுப்படியிலிருந்து எட்டி, அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். நீயும் அங்கே கரக்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு, ஓடி, ஆபீஸ் போய், மனசில் கவலை இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. போனில் கேட்டால் அப்பா எல்லாம் நல்லா இருக்குது என்கிறார், பின்னால் நின்றுகொண்டு அம்மா நீயும் ஆமாம் ஆமாம் என்கிறாய், உண்மையில் என்னதான் நடக்கிறது, அப்பா மறுபடி வண்டி ஓட்டுவாரா மாட்டாரா, ஒளிக்காமல் எழுது என்று கேட்டிருக்கிறாய். எஸ்.டி.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்க, வெளியே நாலு பேர் கண்ணாடி வழியாக நம்மையே பார்த்துக்கொண்டிருக்க, நான் எதைச் சொல்வேன் கண்ணு. அதனால்தான் இன்றைக்கு லைப்ரரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு அடிக்கிறது, தாள் பறக்காமல் இருக்க நீ ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய பழைய கோப்பை ஒன்றை மேலே வைத்திருக்கிறேன்.

முதலில் நடந்தது உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஓட்டி வரும் டிரிப்பில் ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் அப்பாவுக்கு நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்திருக்கிறது. இடது கை கல்லாகக் கனத்திருக்கிறது. காலையில் தின்ற போண்டாதான் வாயுவாகப் புரட்டுகிறது என்று நினைத்து, உக்கடம் வரைக்கும் ஓட்டி, எல்லாரையும் இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் கண்டக்டர் கலீல் ரஹ்மானிடம், 'பாய், நீங்க போய் டைம் ஆபீசுல டைம் போட்டுட்டு வாங்க, நான் சித்தெ ஒக்காந்துக்கறேன்' என்றிருக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருந்ததைக் கலீல் பார்த்ததால் ஆயிற்று, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். குழாய் விட்டுப் படம் எடுத்துப் பார்த்தால், இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய ரத்தக் குழாய் ஒன்று மட்டும் ஏறக்குறைய மூடியே போயிருந்தது. மற்றவை நன்றாக இருந்தன. அடைப்பு இருக்கும் இடத்துக்கு பலூன் வைத்து விரிப்பது சரிப்படாது, பைபாஸ்தான் என்றார்கள். எனக்குத் தெரிந்த பைபாஸ் எல்லாம் நடு நெஞ்சைப் பிளந்து வைத்துச் செய்வதுதான். அப்போதுதான் அந்த சர்ஜன் வந்து, ஒரே ஒரு குழாயில்தான் அடைப்பு என்பதால் வேறு மாதிரியும் செய்யலாம் என்றார். நெஞ்செலும்பைத் தொடாமல், இடது மார்புக்குக் கீழே இரண்டு விலா எலும்புக்கு நடுவில் ஒரு சின்னத் திறப்பு. நெஞ்சின் உள்சுவரை ஒட்டி ஓடும் ஒரு குழாயைப் பிரித்து எடுத்து, அடைப்பைத் தாண்டிக் கொண்டுபோய்த் தைத்துவிடுவார்களாம். இதயத்தை நிறுத்த வேண்டியதில்லை, துடிக்கத் துடிக்கவே தையல். அப்பா அவ்வளவு நேரம் பேசாமல் படுத்திருந்தவர், 'ஏனுங்க டாக்டர், எஞ்சின ஆஃப் பண்ணாமயே வேலை பாப்பீங்களா' என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, 'ஆமாங்க, தைக்கற எடத்த மட்டும் அசையாம புடிச்சுக்குவோம்' என்றார். 'நம்ம மெக்கானிக்குகிட்டச் சொன்னா நம்பமாட்டானுங்க' என்றார் அப்பா. உள்ளே போன பிறகு சரிப்படவில்லை என்றால் நெஞ்சைத் திறக்கவும் நேரலாம் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன்.

உள்ளே கொண்டுபோன பிறகு நான் கையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கலீல் ஒரு பக்கம், பஸ் முதலாளி வீட்டு பங்காரம்மா ஒரு பக்கம். அந்த அம்மா பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து மூடியைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. எனக்கு அப்போது ஞாபகம் வந்ததெல்லாம் நான் காலேஜுக்குப் போய்வந்த நாட்கள். அப்போதே உன் அப்பா ஓட்டிய வண்டியில், எஞ்சின் பெட்டிக்குப் பின்னால் முதல் சீட்டில்தான் நான் உட்காருவேன். ஏறியதும் புத்தகத்தைத் திறந்தால் உக்கடத்தில்தான் மூடுவேன். மலுமிச்சம்பட்டிப் பக்கம் அப்போது ரோடு கந்தலாக இருக்கும், எந்த வண்டியில் போனாலும் எழுத்து குதிக்கும். அந்த வண்டியில் மட்டும் குதிக்காது. அந்த இடம் வந்தால் வண்டி மெல்ல, பாத்திரத்தில் பால் கொண்டுபோவது போலப் போகும். பின்னால் இருக்கிறவர்கள் டிரைவரைத் திட்டுவார்கள், மில்லில் சங்கு ஊதிவிடும் என்று கத்துவார்கள். அது எனக்காகத்தானா என்று நான் அப்போதும் கேட்கவில்லை, கல்யாணமாகி நீ பிறந்து வளர்ந்து வேலைக்குப் போகும் வரைக்கும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்றுதான். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்காமலே போய்விடுமோ என்று பயந்தேன். வேறு பெரிய விஷயம் எதுவும் மனசுக்கு வரவில்லை.

சர்ஜன் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது, சின்னத் திறப்பே போதுமானதாக இருந்தது என்றார். அப்பா கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, 'பொளந்துட்டாங்களா' என்பது. இல்லை என்றேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், காயம் சின்னது என்றால் வலியும் சின்னதாக இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். விலா எலும்புகளை விலக்கிப் பிடித்து வேலை செய்திருக்கிறார்கள், முதல் சில நாட்கள் அவர் மூச்சை இழுக்கவே பயந்தார். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கொடுத்து, குழாயை வாயில் வைத்து இழுக்கச் சொன்னார்கள், பந்து மேலே எழும்ப வேண்டும். ஒரு பந்து எழும்பியதும் நர்ஸ் பெண்ணிடம், 'அம்மணி, பாத்தியா, ஃபர்ஸ்ட் கியர் போட்டுட்டேன்' என்றார். இருமும்போது நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை கொடுத்தார்கள். நீ பிறந்த புதிதில் உன்னை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அசையாமல் நிற்பார், அதே மாதிரி. நான் சிரித்துவிட்டேன், என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவரைப் பார்க்க வந்த ஒரம்பரைக்குக் கணக்கில்லை. உறவுக்காரர்கள் ஒரு பங்கு என்றால், பொள்ளாச்சி ரோட்டில் அப்பாவின் வண்டியில் ஏறி இறங்கியவர்கள் மூன்று பங்கு. ஹார்லிக்ஸ் பாட்டில் வைக்க இடமில்லை. தேங்காயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், வருகிறவர்களோ தோப்பிலிருந்து மட்டையோடு தேங்காய் கொண்டுவந்து வாசலில் அடுக்குகிறார்கள். கிணத்துக்கடவில் இருந்துகொண்டு தேங்காய் இல்லாமல் குழம்பு வைக்கிற முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன். வந்தவர்கள் எல்லாருக்கும் காயத்தைப் பார்க்க ஆசை. அப்பா பனியனைத் தூக்கிக் காட்டினால் அவர்களுக்கு ஏமாற்றமாகிவிடும். முதல் டிரிப்பில் காய்கறிக் கூடை ஏற்றிப் போகும் பழனாத்தாள் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்துவிட்டு, 'என்றா கண்ணு இது, அருவாமணை பட்டாப்பல இத்தினியூண்டு இருக்குது, இதுக்கா ஊரையே அழ உட்டெ' என்றாள். தன் சம்பந்தி வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு முழுக்கப் பிளந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறதாகப் பெருமையாகச் சொன்னாள். அப்பாவும் அவளோடு சேர்ந்து, 'ஆமாங்காத்தா, நம்மளுது சில்லறை வேலை' என்று சிரித்தார். இந்தச் சிரிப்பில்தான் ஆரம்பித்தது எல்லாம். சில்லறை வேலை என்று பத்துப் பேரிடம் சொன்ன பிறகு, பதினோராவது ஆளிடம் படுத்துக்கொண்டு எப்படிப் பேசுவது. யார் வந்தாலும் எழுந்து சட்டை போட்டு, வாங்க என்று சொல்லி, போகும்போது கேட் வரைக்கும் போய் நின்று அனுப்பிவிட்டு, உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொள்வார். படுத்தபடியே வாங்கன்னு சொன்னால் என்ன, நோயாளிதானே என்று கேட்டேன். அதெப்படி அன்பு, வந்தவங்க என்ன நினைப்பாங்க என்றார்.

சாயங்காலம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். முதலில் வாசலுக்கும் கேட்டுக்கும், பிறகு தெருமுனைக்கு, பிறகு ரோட்டோரமாகத் தோப்பு வரைக்கும். கிருபா, கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் உன் அப்பாவும் சேர்ந்து நடந்ததே இல்லை. அவர் எப்போதும் வண்டியில், நான் எப்போதும் நடையில். காற்று எதிரே அடிக்கும், அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மெதுவாக வருவார், நான் என் நடையைக் குறைத்துக்கொள்வேன். ஒரு நாள் அப்படி நடக்கும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன், மலுமிச்சம்பட்டிப் பக்கம் வண்டியை ஏன் அப்படி மெதுவாக ஓட்டினீர்கள் என்று. அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, 'ஏனுங்கம்மணி, இதக் கேக்க இத்தன வருசம் ஆச்சுங்களா' என்றார். என்னை அவர் 'ங்க' போட்டுக் கூப்பிடுவது கேலி செய்யும்போது மட்டும்தான். உன்னைப் பற்றியும் பேசினோம். விடியும் முன் நீ ரோட்டில் ஓடிப் பழகுவாயே, ஷெட்டிலிருந்து முதல் வண்டியை எடுத்துக்கொண்டு உன் பின்னாலேயே ஊர்ந்து வந்து, ஹெட்லைட் வெளிச்சத்தை உனக்கு முன்னால் போட்டுக்கொண்டு வருவாரே, கலீல் டைம் ஆச்சு டைம் ஆச்சு என்று முனகிக்கொண்டே வருவாரே. 'அவ குதிகாலு ரெண்டும் வெளிச்சத்துல மினுமினுன்னு போகும், அன்பு. ரோட்டப் பாக்கறதா, அதப் பாக்கறதான்னு இருக்கும்' என்றார். சொல்லிவிட்டு நின்றுவிட்டார், மூச்சு வாங்கியது. கொஞ்ச தூரம் நடந்ததற்கு அவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, வேலியில் ஏதோ பூவைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். அந்த நாட்கள் நடக்கும்போது அவை பெரிதாகத் தெரியவில்லை. உன் ஷூவுக்குச் சாக்ஸ் காயவில்லையே என்பதுதான் அப்போது என் கவலை.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். முதலாளி சீனிவாசலு ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு அவர் யார் என்று உனக்குத் தெரியும். உன் தாத்தா வேலன் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்டவர், தலை நரைத்த பிறகும் அவரைச் சின்னப் பையன்கள் 'டேய்' என்று கூப்பிட்ட காலம் அது. இந்த முதலாளி ஒற்றை பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கிய அன்று, லைசென்ஸ் எடுத்த புதிதில் போய் நின்ற உன் அப்பாவை, வாங்க கதிரேசன், உக்காருங்க என்று நாற்காலியைக் காட்டினார். அப்பா அன்றைக்கு உட்காரவில்லை, ஆனால் அந்த நாற்காலியை இன்றுவரை மறக்கவில்லை. அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, 'நீங்க இல்லாம வண்டி வண்டியாவே இல்லீங்க கதிரேசன், சனங்க தெனமும் கேக்கறாங்க, எப்பத்தான் வருவாருன்னு' என்றார். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வந்தால் இப்படித்தான் நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள், அதற்கு, ஆண்டவன் புண்ணியத்துல சீக்கிரம் வாரேனுங்க என்று பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உன் அப்பா, 'திங்கக்கிழமை முதல் டிரிப்புக்கு வந்தர்றனுங்க' என்றார். முதலாளியின் கையில் காப்பி டம்ளர் பாதியில் நின்றது. 'சித்தெ பொறுத்து வந்தாலும் ஆகுமுங்க' என்றார். 'இல்லீங்க, காயம் சின்னதுதானுங்க' என்றார் இவர். அதற்கு மேல் முதலாளி வேண்டாம் என்று சொன்னால், நீ எனக்கு வேண்டாம் என்று சொன்னது போல ஆகிவிடுமே. 'அப்ப உங்க இஷ்டமுங்க, சந்தோசமுங்க' என்று முதலாளி எழுந்துவிட்டார். இவர் கேட் வரைக்கும் போய் அனுப்பிவிட்டு வந்தார்.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார், கனம் தூக்கக் கூடாது, இடது கையால் இழுக்கவோ தள்ளவோ கூடாது, பெரிய வண்டி ஓட்டுவதெல்லாம் புரட்டாசி கடைசியில் டிரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்த பிறகுதான் என்று. கியர் இடது கையில்தானே. அந்தப் பழைய வண்டியின் ஸ்டியரிங்கை ஒடிக்க முழு நெஞ்சும் வேலை செய்யுமே. நான் வாதாடினேன். வாக்குக் குடுத்துப் போட்டேன் அன்பு, இனி மாத்திப் பேசினா அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன் என்றார். நான் போய் முதலாளியிடம் சொல்கிறேன் என்றதற்கு, அப்படிச் செய்தால் நான் அந்த ஷெட் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துக் கலீல் வந்தார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். கலீல் என்னிடம் அடுப்படி வாசலில் நின்று ரகசியமாக, 'அக்கா, மொதலாளிக்கு வெசனம் புடிச்சுப்போச்சுங்க. வேண்டாம்னு சொன்னா மனுசன் ஒடஞ்சு போயிருவாரு, சொல்லாட்டி எனக்கு உசுரே இல்லைங்கறாருங்க' என்றார். அதை உள்ளே குளிக்கும் உங்கள் அண்ணனிடமே சொல்லுங்களேன் என்றேன். 'என்ன உட்டுருங்கக்கா, நாஞ் சொன்னா, மொதலாளி நம்மள வேண்டாங்கறாருன்னுதான் அண்ணன் காதுல உளும்' என்றார். அவர் சொன்னதும் சரிதான். இந்தப் பக்கம் ஒருவர் மரியாதைக்காக வருகிறேன் என்கிறார், அந்தப் பக்கம் ஒருவர் மரியாதைக்காக வாருங்கள் என்கிறார், நடுவில் வண்டி நிறைய ஜனங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போனோம். காக்கிச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். தோப்பு வரைக்கும் காலடியைப் பார்த்தபடியே நடந்தார். திரும்பும்போது தானாகச் சொன்னார், 'பயமா இருக்குது அன்பு. பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிச்சாலே நெஞ்சு திடுக்குங்குது' என்று. உன் அப்பா வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. போகாதீர்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் மறுபடி வாக்கு, முகம் என்று ஆரம்பித்துவிடுவார். அதனால், நம் கிருபா அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தால் நாளைக்கு ஓட்டுவீர்களா என்று மட்டும் கேட்டேன். அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். உன் பெயரை அந்த இடத்தில் உன்னைக் கேட்காமல் இழுத்துவிட்டேன், பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமை விடியும்போது நானும் கூடவே ஷெட்டுக்குப் போனேன். வேண்டாம் என்றார், கேட்கவில்லை. வண்டியைக் கழுவி, முன்கண்ணாடிக்கு மேல் சாமந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். முதலாளி வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார், முகம் மட்டும் காய்ச்சல்காரர் போல இருந்தது. வாங்க கதிரேசன் என்றார், இவர் வாரனுங்க என்றார். அப்பா மேலே ஏறினார், ஏறும்போது வலது கையால் மட்டும் பிடித்து ஏறினார். ஸ்டார்ட் செய்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கே ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. முதல் கியரைப் போட்டார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஷெட் கேட்டுக்குத் திரும்ப ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும், பாதி வரைக்கும் ஒடித்தார். வண்டி நின்றுவிட்டது. அவர் இடது கை விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தது. கலீல் விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் அப்படியே நின்றார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன், அதைச் சொல்ல இரண்டு அடி முன்னால் வந்தும்விட்டேன். அதற்குள் அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டார். இறங்கி நேராக முதலாளியிடம் போனார். தலையைக் குனியவில்லை. 'என்னால ஆகாதுங்க. எம்புள்ளைய ஏத்திக்கிட்டு இப்ப இந்த வண்டிய ஓட்ட எனக்குத் தைரியம் இல்லீங்க, அப்பறம் ஊரான் புள்ளைகள எப்படிங்க ஏத்துவேன்' என்றார்.

முதலாளி பக்கத்தில் கிடந்த டயர் மேலே உட்கார்ந்துவிட்டார். 'ஏனுங்க கதிரேசன், இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்லங்க. அன்னையிலிருந்து நான் ஒரு வாய் சோறு உங்கலீங்க' என்றார். இவர், நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேங்க என்றார். 'நான் எப்படிங்க சொல்றது' என்றார் அவர். 'நான் மட்டும் எப்படிங்க சொல்றது' என்றார் இவர். கலீல்தான் முதலில் சிரித்தார், 'ரெண்டு பேரும் மரியாதை பண்ணிப் பண்ணியே வண்டியக் கெணத்துல எறக்கியிருப்பீங்க' என்றார். அப்பாவும் சிரிக்க ஆரம்பித்து, சிரித்தால் விலா வலிக்கிறது என்று நிறுத்தப் பார்த்து, முடியாமல், இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேறொரு டிரைவர் வந்து முதல் டிரிப்பை எடுத்தார். பழனாத்தாள் ஸ்டாப்பில் கூடையோடு நின்றிருந்தாளாம், புது டிரைவரைப் பார்த்து, அவனெங்கடா என்று சண்டை பிடித்தாளாம்.

இப்போது அப்பா காலையில் ஷெட்டுக்குப் போய், வெளியே போகும் வண்டிகளுக்குக் காற்று, பிரேக், லைட் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறார். நாற்காலி போட்டிருக்கிறார்கள், பாதி நேரம் உட்காருகிறார். வண்டியெல்லாம் போன பிறகு ஷெட் காலியாக இருக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று நான் உனக்கு எழுதப்போவதில்லை. நீ கேட்டாயே, ஓட்டுவாரா மாட்டாரா என்று. இன்னும் தெரியாது என்பதுதான் உண்மையான பதில். புரட்டாசியில் டெஸ்ட் எடுத்து டாக்டர் சரி என்றால் ஓட்டுவார், இல்லை என்றால் ஓட்டமாட்டார், இரண்டுக்கும் நாங்கள் தயாராக இருக்கப் பார்க்கிறோம்.

போன வாரம் டாக்டரைப் பார்க்கக் கோயமுத்தூர் போனோம், நம்முடைய அதே வண்டியில்தான். இரண்டு பேர் சீட்டில் என்னை நடைவழி ஓரமாக உட்கார வைத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் என் பக்கத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டிரைவர் வளைவில் திருப்பும்போதெல்லாம் இவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்தியது. எதிரே வண்டி வந்தால் கழுத்து முன்னால் நீண்டது. ஒத்தக்கால்மண்டபம் வரைக்கும் அப்படியே வந்தார். அந்த இடம் வந்தபோது நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அதற்குப் பிறகு கால் அழுத்துவது குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் கனம் ஏறியது. தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கலீல் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தவர் பார்த்துவிட்டு, ஈச்சனாரி, சுந்தராபுரம் என்று கத்துகிற குரலை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் போய் மெல்லச் சொன்னார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் தோளில் ஒருவர் தலை வைத்துத் தூங்குவது எனக்குப் பழக்கமில்லாத விஷயம், ஆனாலும் நகரவில்லை. ஒரு குலுக்கலில் கண் திறந்தவர், வெளியே பார்த்துவிட்டு, அன்பு, எங்க வந்திருக்கறோம் என்று கேட்டார். அந்த ரோட்டில் அவர் யாரிடமும் அதைக் கேட்டிருக்கமாட்டார். குறிச்சிதான், இன்னும் இருக்கிறது, தூங்குங்கள் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நீ லீவு கேட்டுக் கஷ்டப்பட்டுக்கொண்டு உடனே வர வேண்டாம், போட்டி முடித்து நிதானமாக வா. வெறும் வயிற்றில் ஓடாதே, இரண்டு பேரீச்சம்பழமாவது வாயில் போட்டுக்கொண்டு போ. அங்கே மழைக்காலம், ஈரச் சாக்ஸோடு உட்காராதே. அப்பா பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, வண்டியைப் பற்றி அதில் ஒன்றும் கேட்காதே, இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று மட்டும் கேள், அவருக்கு அதைச் சொல்லப் பெருமை. நான் இதையெல்லாம் எழுதினேன் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே. நான் ஜெபத்தில் சொல்வதும், அவர் மாரியம்மனிடம் சொல்வதும் உன் பெயரைத்தான். காலும் மனசும் தளராமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
அன்புச்செல்வி